இலை போட்டும் சோறு வராத பந்தி

இந்தக் கதையில் சிரிக்க ஓர் இடம் உண்டு. அது கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் கொஞ்சம் நாற்றம் அடிக்கும். பொறுக்க முடியாதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம்.

ஈக்கும் புழுவுக்கும் உதிர்ந்த இலைக்கும்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில், பூவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுப் புழக்கடையில் ஒரு புடலைக் கொடி, கொடிக்குப் பக்கத்தில் ஒரு குழி. காய்த்தோல், வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு எல்லாம் குழிக்குள் போகும். குழியின் அடியில் ஒரு மண்புழு குடும்பத்தோடு குடியிருந்தது. மேலே விழுவதைத் தின்று, கறுப்பு மண்ணாக்கி, கொடியின் வேருக்குக் கொடுப்பது அதன் வேலை.

ஆனால் அதன் வாய்க்கு எதுவும் வந்து சேரவில்லை. ஈ முந்திக்கொண்டது. ஈ தனியாக வருவதில்லை. சம்பந்தி வீட்டுக்காரரைப் போலச் சொந்தபந்தம் அத்தனையையும் கூட்டிக்கொண்டு வரும். உட்காரும், குறை சொல்லும், தின்னும், போகும்போது முட்டையிட்டுவிட்டுப் போகும். வெயில் காலத்தில் மறுநாளே அத்தனை முட்டையும் புழுவாக நெளியும். குழி நாறும். நாற்றம் பிடித்துப் பெருச்சாளி வரும்.

ஓர் அமாவாசையன்று பூவாத்தாள் ஒரு கூடைச் சுண்ணாம்போடு குழிமேட்டில் வந்து நின்றாள்.

"அடுத்த அமாவாசை வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் இதுல புழு நெளிஞ்சுதுன்னா, சுண்ணாம்பக் கொட்டி மூடிப்போடுவேன்."

மண்புழு தலையை வெளியே நீட்டியது. அது வாலாகவும் இருக்கலாம். அதற்கே அதில் சந்தேகம் உண்டு.

"அம்மிணி, நானும் புழுதானுங்க. ஆனா அந்தப் புழு நானில்லீங்க."

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது" என்று கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சுண்ணாம்பு பட்டால் மண்புழுவின் தோல் வெந்துபோகும். குஞ்சுகுளுவான்களைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அது விசும்பியது. பக்கத்திலும் அதே விசும்பல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு பூவரசஞ் சருகு, அதைப் போலவே அழுது காட்டிக்கொண்டிருந்தது.

சருகு யாரையும் விட்டுவைத்ததில்லை. பாம்பு ஊர்வது போல ஊரும். தூறல் விழுவது போலச் சடசடக்கும். கொடியில் காயும் துணியை எடுக்க நாலு வீட்டுக்காரர்கள் ஓடிவருவார்கள். மாமனார் செருப்போடு நடந்து வருவது போல நடக்கும். மருமகள்கள் எழுந்து நிற்பார்கள், வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் அதற்கும் ஒரு பயம் இருந்தது. பூவாத்தாள் தினமும் வாசலைக் கூட்டிச் சருகுகளுக்குத் தீ வைத்துவிடுவாள்.

எரிப்பதற்குப் பதிலாகத் தங்களைக் குழியில் போடும்படி பூவாத்தாளிடம் சொல்லச் சொல்லிச் சருகு மண்புழுவைக் கேட்டுக்கொண்டது. மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னது. மண்புழு போய்ச் சொல்ல, ஒரு வேலை மிச்சம் என்று பூவாத்தாளும் ஒப்புக்கொண்டாள். அழுகிக் கிடந்ததை வழித்து வீசிவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். ஒரு கை தோல் போட்டால் அதன்மேல் மூன்று கை சருகு.

அன்று முதலில் வந்தது பெருச்சாளி. காலை வைத்ததும் சருகு பாம்பாக ஊர்ந்தது. பெருச்சாளி அடுத்த தெருவில் போய்த்தான் மூச்சு விட்டது.

பிறகு ஈ வந்தது. பறக்கிறவனுக்குப் பாம்பைப் பற்றி என்ன கவலை? சொந்தக்காரர்களோடு சருகின்மேல் வந்து உட்கார்ந்தது. சருகு கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் மாமாவின் குரலை எடுத்தது.

"வாங்க சம்பந்தி, வாங்க. இப்பத்தான் இலை போட்டிருக்குது. கையக் கழுவிட்டு உக்காருங்க, பரிமாறச் சொல்றேன்."

அதுவரை ஈயைக் கண்ட எல்லோரும் கையை வீசி விரட்டியிருக்கிறார்களே தவிர, ஒருவரும் வாங்க என்று சொன்னதில்லை. அதற்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, பெரிய மனிதத் தோரணையில் காத்திருந்தது. சோறு வரவில்லை. கேட்டதற்கு, குழம்பு கொதிக்கிறது என்றது சருகு, சமையல்காரரின் கட்டைக் குரலில். மறுபடி கேட்டதற்கு, அப்பளம் பொரிகிறது என்று பெண் வீட்டு அத்தையின் குரலில் இழுத்தது. இலை போட்ட பிறகு எழுந்து போனால் மரியாதையாக இருக்காதே என்று ஈ இன்னொரு தரம் கை கழுவிக்கொண்டது.

மறுநாளும் புதுச் சருகு விழுந்தது.

"பாத்தியா மச்சான், நமக்குன்னு தினம் புது இலை போடறாங்க" என்று ஈ தன் மச்சானிடம் பெருமை பேசியது.

அடியில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. தோலிலிருந்து கசிந்த ஈரத்தையெல்லாம் சருகுகள் குடித்துவிட்டன. ஈரம் குறைந்ததால் நாற்றத்துக்கு மேலே ஏறிவரத் தெம்பில்லை. முட்டையிட வாகான நசநசப்பும் ஈக்கு அகப்படவில்லை. மண்புழு அவசரமில்லாமல் தின்றது. அதன் பிள்ளைகளுக்குச் சதை பிடித்தது.

அடுத்த அமாவாசையும் வந்தது. பூவாத்தாள் ஒரு கையில் சுண்ணாம்புக் கூடையும் மறு கையில் குச்சியுமாக வந்தாள். குழிக்குள் குச்சியை விட்டுக் கிளறினாள். மண்புழுக் குடும்பம் அடியாழத்தில் ஒதுங்கிக்கொண்டதால், நெளிகிற புழு ஒன்றுகூட அவள் கண்ணில் படவில்லை. கறுப்பு மண்தான் வந்தது. கையில் அள்ளி முகர்ந்தாள். மழை பெய்து ஓய்ந்த வாசனை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய், அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துச் சுவருக்கு அடித்துவிட்டாள்.

கிளறியதில் பாதி மக்கிய கத்தரிக்காய்க் காம்பு ஒன்று ஈயின் முன்னால் உருண்டு வந்து நின்றது. ஈ அதைப் பார்த்தது. பிறகு, வெளியே எட்டிப் பார்த்த மண்புழுவின் வயிற்றைப் பார்த்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

மண்புழுவுக்குப் பொய் வராது. "இலைக்கு அடியிலிருந்துங்க."

"சோத்த இலைக்கு மேலதான வெப்பாங்க?"

"சோத்த இலைக்கு மேலதான வெப்பாங்க?" என்று சருகு ஈயின் குரலிலேயே கேட்டது.

தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. மாமா, சமையல்காரர், அத்தை என்று ஒரு மாதமாகக் கேட்ட குரல்கள் ஒவ்வொன்றாக ஈக்கு ஞாபகம் வந்தன. இனி எந்தப் பந்தியிலும், கை கழுவிவிட்டு வா என்று ஒருவரும் தன்னைக் காக்க வைக்கக் கூடாது என்று அது முடிவு செய்தது. குழியில் தோல் போடுகிறவர்கள் அதன்மேல் மூன்று கை சருகு போடுவதும், ஈ எங்கே போய் உட்கார்ந்தாலும் முதல் வேலையாகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொள்வதும் அந்த அமாவாசையிலிருந்துதான்.