நான்கு சாலையிலும் பவதாரணி

திருமேனி டயர் கடைக்காரர். சந்தேகப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடினால்கூட, "பால் கெட்டுப்போச்சா, மறைக்கிறியா?" என்று கேட்பார்.

அவர் மகள் பவதாரணி அகில இந்தியக் கணிதப் போட்டியில் தங்கம் வாங்கினாள். வேலங்குறிச்சி நகராட்சிக்குக் கால் தரையில் படவில்லை. ஊருக்குள் வருகிற நான்கு சாலையிலும் இரும்புத் தூண் நட்டு, அவள் முகத்தை ஆளுயரத்துக்குப் போட்டு, 'கணித மேதை பவதாரணியின் ஊர் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று போர்டு வைத்தார்கள். விளக்கு வேறு.

கொஞ்ச மாதத்திலேயே பெண் மாறிவிட்டாள். காலேஜ் விட்டு வரும்போது ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, வாய்க்கால் கரையோடு சுற்றி வீட்டுக்கு வந்தாள்.

திருமேனி காலையில் மூச்சுப் பயிற்சிக்கு மெய்யம்மையிடம் போவார். மெய்யம்மை அவரைவிட வயதில் சின்னவர். அதனால் என்ன, குரு குருதானே. அன்று பயிற்சி முடிந்ததும் திருமேனி அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"பொண்ணுக்காக வாய்க்கால் கரையில எவனோ இருக்கான்மா."

"பார்த்தீங்களா?"

"அவ பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஈ காக்கா இல்ல."

"அப்புறம் என்ன?"

"அதாம்மா சந்தேகமே. நான் வர்றது தெரிஞ்சு ஒளிஞ்சுக்கிறான்."

"பொண்ணுகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். போர்டைத் தாண்டி வரப் பிடிக்கலையாம். நல்லா கதை விடுறா. அவ்ளோ பெரிசா போட்டோ வெச்சா எந்தப் புள்ளைக்குப் பிடிக்காது? காலேஜை நிறுத்திட்டுக் கல்யாணத்தை முடிச்சிரலாம்னு இருக்கேன். தரகர்கிட்ட இன்னிக்கு ஜாதகம் குடுக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?"

"நாளைக்குக் குடுங்க. காலையில பயிற்சிக்கு வந்துட்டுப் போங்க."

மறுநாள் மெய்யம்மை அவரைப் பயிற்சிக் கூடத்து மேடையில், வந்திருந்த எல்லோரையும் பார்த்து உட்கார வைத்தார்.

"இவர் திருமேனி. மனசை அடக்குறதுல இங்க இவருக்கு ஈடு யாரும் இல்ல. இன்னிக்கு நீங்க கண்ணை மூட வேண்டாம். இவரையே பாருங்க."

திருமேனிக்கு உச்சி குளிர்ந்தது. முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடினார்.

மூக்கு அரித்தது. சொறிந்தால் என்ன நினைப்பார்கள்? சொறியவில்லை. அரிப்பு காதுக்குப் போனது.

"அண்ணே, இமை ஆடுது," என்றார் கேபிள் டிவி உமாபதி.

"மேதையைக் கொசு கடிக்குதோ என்னவோ," என்றது பின்னால் ஒரு குரல்.

யாரோ சிரித்தார்கள். யார்? கண்ணைத் திறந்து பார்க்கவும் முடியாது. திறந்தால் தோற்ற மாதிரி. எச்சில் விழுங்கினார். அந்தச் சத்தம்கூட எல்லோருக்கும் கேட்டிருக்கும் என்று தோன்றியது. எத்தனையோ நாளாகப் பழகிய மூச்சு, உள்ளே போனது வெளியே வர மாட்டேன் என்றது.

சட்டென்று எழுந்தார். முன்வாசலில் செருப்பு கிடந்தது. அதைக்கூட மாட்டாமல் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிப் போய்க் குப்பைத் தொட்டி ஓரமாக நின்றார்.

மெய்யம்மை பின்னாலேயே வந்தார்.

"என்ன, பாதியில எழுந்து வந்துட்டீங்க?"

"எல்லாரும் பார்க்கிறாங்கம்மா."

"பார்த்தா என்ன? உங்களைத் திட்டினாங்களா?"

"இல்ல."

"நான் எதாவது குறைவா சொல்லிட்டேனா?"

"ஐயோ, இல்லம்மா. ஒசத்தியாத்தான் சொன்னீங்க."

"அப்ப வாங்க. நாளையிலேர்ந்து தினமும் நீங்கதான் மேடையில."

"வேண்டாம்மா! இனிமே நான் இந்தப் பின்பக்கமாவே வந்து பின்பக்கமாவே போயிடறேன். என்னை விட்ருங்க."

மெய்யம்மை படிக்கட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மதில் ஓரமாக நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"இங்க உங்களுக்காக யாரோ ஒளிஞ்சிருக்கணுமே. அவரைத்தான்."