முன்வரிசைக் குரல்

பாட்டுக்கு அடிநாதம் தரும் பேஸ் கிதாரை வாசிக்கும் எட்வின் மேடையில் எப்போதும் டிரம்ஸுக்குப் பின்னால், வெளிச்சம் விழாத இடத்தில் நிற்பான். ஒருநாள், தனியாகக் கச்சேரி செய்து அதைப் பதிவும் செய்யப்போவதாகச் சொன்னான். அவனுடைய இசைக்குழுவின் பாடகரும் முதலாளியுமான குலசேகரன் சிரித்தார்.

"வெறும் பேஸை எவன்டா கேப்பான்? உன் வாசிப்புக்கு ஒரே ஒரு ஆள் வாய்திறந்து பாடட்டும், இனி நீ என் பக்கத்துல நில்லு. இல்லேன்னா பதிவை அழிச்சிரணும்."

"சரிண்ணே. நீங்க முன்வரிசையில உக்காரணும்."

சர்ச் மண்டபத்தில் பாதி நாற்காலிகள் நிரம்பின. எட்வின் வாசித்தான். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள், யாரும் பாடவில்லை. குலசேகரன் மீசையைத் தடவிக்கொண்டார்.

கடைசியாக எட்வின், குலசேகரன் வழக்கமாகக் கச்சேரியைத் தொடங்கும் பாட்டின் முன்னிசையை எடுத்தான். அது முடிகிற இடத்தில்தான் அவர் இத்தனை வருடமும் பாட ஆரம்பிப்பார். அந்த இடம் வந்தது. குலசேகரன் எழுந்து, இல்லாத மைக்கைப் பிடித்தபடி பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை பாடினார். கைதட்டல் கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் இருவரும் பதிவைக் கேட்டார்கள்.

"அந்தக் குரலை எடுத்துரட்டுமாண்ணே?"

"சும்மா இருடா. சரணத்துல எனக்குச் சத்தம் பத்தலை, கூட்டு." கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை கச்சேரியில முன்னாடி வந்து நில்லு. என்னை மட்டும் மறைச்சிராதே."