ஆதிமூலம் தட்டிப் பார்த்த கத்தி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் என்று யாராவது நிரூபித்துவிட்டால் ஒரு சட்டி பலாப்பிசினை என் மீசையில் அப்பட்டும். வாயை மூடிக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுகிறேன். இதுவரை யாரும் அப்பவில்லை. மீசை அப்படியே இருக்கிறது. வேறு சாட்சி எதற்கு?

"வாங்கலாமாம்மா, வேணாமா?"

பலா வியாபாரி ஆதிமூலம் கேட்டது இதுதான். அறுபது வயதுவரை அவர் யாரிடமும் கேட்டிராத கேள்வி.

கேட்ட இடம் பண்ருட்டிக்கு மேற்கே, முந்திரித் தோப்பு நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகை. கேட்கப்பட்டவர் பூங்காவனம். ஆதிமூலத்தின் மகளைவிட வயதில் இளையவர். எங்கிருந்து வந்தார், எதற்காக வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. முந்திரிக்கொட்டை பொறுக்க வரும் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் சோறு போடுவார். எதைக் கேட்டாலும் பாதிப் பதில்தான் சொல்வார். மீதிப் பாதி, கேட்டவன் வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போது வரும்.

ஊர் அவரை அம்மா என்றது. யார் முன்னாலும் தோள் துண்டை இறக்காத ஆதிமூலமும் அம்மா என்றார். துண்டை மட்டும் இறக்கவில்லை.

சும்மா துண்டா அது? சரிகைக் கரை போட்டது. பலா மண்டி வியாபாரிகள் எல்லாரும் கூடி, மேளம் வைத்து, அவர் தோளில் போர்த்தியது.

போர்த்தாமல் என்ன செய்வார்கள்? அவர் ஒரு பழத்தைத் தட்டினால் மண்டியே பேச்சை நிறுத்தும். விரலை மடக்கி ஒரே தட்டு. காதைச் சாய்ப்பார். நாளைக் காலையில் பழுக்கும் என்பார். மறுநாள் காலையில் அதன் வாசனை எழுந்து தெருமுனைவரை நடந்து போய்வரும்.

ஒருமுறை ஒரு பழத்தைத் தட்டிவிட்டு, இதற்குள் ஒரு சுளை மற்ற சுளைகளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் ஒதுங்கி இருக்கிறது என்றார். வெட்டினார்கள். ஒரு சுளை ஒதுங்கித்தான் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். அதைத் தின்றவனும் நான்தான். கொஞ்சம் புளிப்பு.

பிறந்ததிலிருந்து ஒரு சொத்தைப் பழம் அவர் வாங்கியது கிடையாது. அந்தப் பெருமைக்குத்தான் ஒரு கத்தியால் சோதனை வந்தது.

புதுச்சேரியில் லூர்துசாமி என்று ஒருவர், கடற்கரைக்குப் பின் தெருவில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். வருடா வருடம் அவர் வீட்டுக்கு ஆதிமூலத்தின் பழம் போகும். இந்த வருடம் பழத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் அது கிடந்தது.

மடக்குக்கத்தி. உள்ளங்கைக்குள் அடங்கும். கருங்காலிக் கைப்பிடி. விரித்தால் அலகு முழுக்க ஆற்றுத் தண்ணீர் ஓடுவதுபோல வரிவரியாக ஒரு மினுக்கம். லூர்துசாமி விரித்துக் காட்டிய நேரத்தில் ஒரு ஈ அதன் விளிம்பில் உட்கார்ந்தது. எழுந்து போகும்போது இரண்டு ஈயாகப் போனது.

விலை, ஒரு கறவை மாட்டின் விலை. கன்றோடு.

ஆதிமூலம் பழக்க தோஷத்தில் விரலை மடக்கி அதை ஒரு தட்டுத் தட்டினார். காதில் வைத்தார்.

ஒன்றும் கேட்கவில்லை.

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொருள் அவரிடம் வாய் திறக்கவில்லை. வியர்த்துவிட்டது. லூர்துசாமி நல்ல மனிதர், கையோடு கொண்டுபோங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைவரை வைத்துப் பாருங்கள், பிடித்தால் பணம், பிடிக்காவிட்டால் புதுசு கலையாமல் திருப்பிவிடுங்கள், ஒரு கீறல் விழுந்தாலும் அது உங்களுடையதுதான். இந்த அலகில் உலகத்தில் எதுவும் ஒட்டாது என்றும் சொல்லி வைத்தார்.

ஆதிமூலம் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மண்டிக்குச் செய்தி வந்துவிட்டது. பாதி மண்டி, வாங்கி ஏமாறப் போகிறார் என்றது. மறு பாதி, பயந்துபோய்த் திருப்பிவிடுவார் என்றது. டீக்கடையில் அவர் காதுபடவே பந்தயம் கட்டினார்கள். வாங்கினால் ஏமாளி. திருப்பினால் கோழை. மூன்றாவதாக ஒன்றை யாரும் அவருக்கு மிச்சம் வைக்கவில்லை.

அதனால்தான் சனிக்கிழமை காலையில் அம்மாவைத் தேடி வந்தார். காணிக்கையாக ஒரு பலாப்பழம் கொண்டுவந்தார். அது வண்டி முழுக்க உட்கார்ந்துகொண்டதால் வண்டிக்காரனும் அவரும் நடந்து வந்தார்கள்.

அம்மா கத்தியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழத்தைத்தான் பார்த்தார்.

"இந்தக் கத்தி இதுவரைக்கும் என்ன வெட்டுச்சு, முதலாளி?"

"இன்னும் ஒண்ணும் வெட்டலம்மா. வெட்டினா புதுசு போயிடும்ல?"

"அப்ப எப்படிப் பாத்தீங்க?"

"தட்டிப் பாத்தேன்."

"என்ன சொல்லுச்சு?"

ஆதிமூலம் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் வண்டிக்காரன் நின்றான்.

"ஒண்ணும் சொல்லல."

அம்மா சிரிக்கவில்லை. ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். அவ்வளவுதான்.

உச்சிவெயிலில் பெண்கள் வந்தார்கள். சோறு முடிந்தது. எல்லார் கண்ணும் பழத்தின்மேல். அரிவாளைத் தேடினார்கள். அடுப்படியில் இல்லை, கூரையில் செருகியிருக்கவில்லை, தண்ணீர்ப் பானைப் பக்கத்திலும் இல்லை. எங்கேம்மா என்றார்கள். பலகையில் உட்கார்ந்திருந்த அம்மா, இங்கேதான் எங்கேயாவது இருக்கும் என்றார்.

கூட்டத்தில் அஞ்சலாட்சி என்று ஒருத்தி. வாய்க்குப் பேர்போனவள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"முதலாளி இடுப்புல ஒரு மாட்டையே செருகி வச்சிருக்காராமே, கன்னோட. அத்த எடுக்கச் சொல்லுங்கம்மா. பால் கறக்குதா பாப்போம்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஆதிமூலம் அம்மாவைப் பார்த்தார். அம்மா பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்ருட்டிப் பலாவின் ராஜா, இடுப்பில் கத்தி இருக்க, வெட்டாத பழத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

எழுந்தார். கத்தியை விரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அதன் மினுக்கத்தைப் பார்த்து வாயை மூடினார்கள்.

அம்மா ஒரு கொட்டாங்கச்சியை முன்னால் நகர்த்தினார். அதில் தேங்காய் எண்ணெய்.

அந்தச் சீமையில் நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பலாவில் கை வைக்குமுன் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவ வேண்டும் என்று. பலாப்பால் பட்டால் விடாது. கையில் பட்டால் நாலு நாள். தலையில் பட்டால் மொட்டை. எண்ணெய் தடவாமல் வெட்டிய ஆளை மண்டியைவிட்டே துரத்தியவர் ஆதிமூலம்.

அவர் கொட்டாங்கச்சியைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார்.

"இதுக்கு எண்ணெய் வேணாம்மா."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கத்தி இறங்கியது.

அந்த இறக்கத்தை நான் எப்படிச் சொல்வேன்? சின்னக் கத்திதான். பழத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். முள்ளில் தொட்ட சத்தம்கூட இல்லை. தான் வெட்டுப்பட்டது பழத்துக்கே தெரியவில்லை; கொஞ்ச நேரம் முழுசாகவே நின்றது. அப்புறம் யோசித்துப் பார்த்து இரண்டாகப் பிரிந்தது.

தோப்பே வாசனையில் நிறைந்தது. சுளைகள் வாழை இலையில் குவிந்தன. தின்றவர்கள் கத்தியைப் பற்றிப் பேசினார்கள், பேசியவர்கள் மறுபடி தின்றார்கள். ஆதிமூலம் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். இலையால் அலகை ஒரு வழி வழித்தார். லூர்துசாமி பொய் சொல்லவில்லை. பிசின் ஒரு பொட்டு இல்லை. பாருங்கள் என்று எல்லாருக்கும் காட்டினார். பிறகு, பெருமையாக ஒரு விரலால் மடக்கினார்.

மடங்கவில்லை.

இரண்டு விரலால் மடக்கினார். மடங்கவில்லை. அலகில்தான் எதுவும் ஒட்டாது. கத்தி மடங்குகிற கீலைப் பற்றி லூர்துசாமி ஒன்றும் சொல்லவில்லையே. அலகில் நிற்காத பால் அத்தனையும் வழிந்து கீலுக்குள் போய் உறைந்திருந்தது.

கைப்பிடியைக் கல்லில் அண்டக் கொடுத்து அமுக்கினார். கத்தி மடங்கவில்லை. கருங்காலியில் ஒரு கீறல் விழுந்தது. நீளமாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

இனித் திருப்ப முடியாது. மடங்காததை இடுப்பில் செருகவும் முடியாது. விரித்த கத்தியைக் கையில் பிடித்தபடி மண்டி வழியாக வீட்டுக்கு நடக்க வேண்டும். எண்ணெய் தடவாமல் பலாவை வெட்டியவர் யார் என்று பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிச் சிரிப்பார்கள்.

"உங்களாலதாம்மா," என்றார் ஆதிமூலம்.

அம்மா வாயிலிருந்த கொட்டையைத் துப்பினார்.

"எண்ணெய நீட்டினேனே, முதலாளி."

ஆதிமூலம் தரையில் உட்கார்ந்தார். கொட்டாங்கச்சியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கீலில் எண்ணெய் விட்டார். தென்னை ஈர்க்கால் நெம்பினார். ஈர்க்கு முறிந்தது. துடைக்க ஒரு துணி வேண்டும், கிழிசல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அம்மா மோவாயை நீட்டி அவர் தோளைக் காட்டினார்.

ஆதிமூலம் துண்டை இறக்கினார். சரிகைக் கரையைப் பல்லில் கடித்து ஒரு கிழி கிழித்தார். கிழிந்த சத்தம் தோப்பின் அந்தப் பக்கம்வரை கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

கிழிசலிலிருந்து ஒரு நூலை உருவி எண்ணெயில் தோய்த்துக் கீலின் இடுக்கில் விட்டு இழுத்தார். ஒரு மயிரிழைப் பிசின் வந்தது. வெயிலில் காட்டினார். மறுபடி எண்ணெய், மறுபடி நூல். முதலில் லூர்துசாமியைத் திட்டினார். அப்புறம் பழத்தைத் திட்டினார். அப்புறம் யாரையும் திட்டவில்லை.

உள்ளே கடுகைவிடச் சின்னதாக உருண்டைகள் சுழல்கின்றன என்று கண்டுபிடித்தார். அவற்றுக்கு நடுவே ஒரு நூல் போக மட்டும் இடம் விட்டிருந்தான் செய்தவன். யாரோ ஒருவன், எந்தத் தேசத்திலோ, இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆதிமூலமும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் எழுந்து போனார்கள். போகிற போக்கில் அஞ்சலாட்சி ஏதோ சொன்னாள். அவர் காதில் விழவில்லை. மண்டி ஞாபகம் வரவில்லை. பந்தயமும் வரவில்லை. நிழல் நீண்டு கொட்டகைக்குள் வந்தது.

கடைசிப் பிசின் வந்தது.

விரலை வைத்தார். கத்தி மடங்கியது.

'டொப்.'

பழுத்த பலாவைத் தட்டினால் கேட்கும் அதே சத்தம். ஆதிமூலம் திடுக்கிட்டார். விரித்தார். இந்தத் தடவை காதோரம் வைத்து மடக்கினார். கண்ணை மூடிக்கொண்டு காதைச் சாய்த்தார், மண்டியில் சாய்ப்பாரே, அப்படி.

"என்ன சொல்லுது?" என்றார் அம்மா.

அவர் கைப்பிடியின் கீறலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். மறைக்க அல்ல. கன்றுக்குட்டியின் சுழியைத் தடவுவதுபோலத்தான்.

அம்மா எழுந்தார். பலகையும் கூடவே நகர்ந்தது. அதற்கடியில் அரிவாள் கிடந்தது.

ஆதிமூலம் அதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மிச்சத் துண்டை உதறி மடித்தார். தோளில் போடவில்லை, எண்ணெய்க் கொட்டாங்கச்சியின் பக்கத்தில் வைத்தார். அடுத்த சனிக்கிழமை யாருக்காவது துடைக்க ஆகும்.

"பொழுது விடிஞ்சா ஞாயித்துக்கிழமை," என்றார் அம்மா. "கடைக்காரர் கேப்பாரு. காலைல என்ன கேட்டீங்க? வாங்கலாமா, வேணாமான்னுதானே?"

ஆதிமூலம் கத்தியை இடுப்பில் செருகினார். நிமிர்ந்தார். துண்டு இருந்தபோதுகூட அவர் அப்படி நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"என் கத்திய நான் எதுக்கும்மா வாங்கணும்?"

லூர்துசாமிக்கு மறுநாளே பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, கவலைப்படாதீர்கள். பேரம்கூடப் பேசவில்லை. ஈ இரண்டானதை நம்புகிறவர்கள், சுளை கோபித்துக்கொண்டதை நம்புகிறவர்கள், இந்த ஒரு இடத்தில்தான் என்னைப் பொய்யன் என்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பண்ருட்டிப் பக்கம் போனால் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள். எண்ணெய் தடவாத சங்கதியை மட்டும் யார் சொன்னது என்று கேட்டால், என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். ஆதிமூலம் இன்னும் திடமாகத்தான் இருக்கிறார். கத்தியும் அப்படித்தான்.