கூட்டுக்கு ஒரு விளக்கு

ஈச்சமரத்தில் குடியிருந்த தூக்கணாங்குருவி மஞ்சனுக்குத் தன் கூட்டைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. குறை ஒன்றே ஒன்றுதான். உள்ளே கும்மிருட்டு. பொழுது சாய்ந்தால் குஞ்சுகள் பயந்து வீல் வீலென்று கத்தும்.

"பிள்ளைங்களுக்கு ஒரு விளக்கு கொண்டுவரத் துப்பில்லை, பேச்சு மட்டும் பெரிசு!" என்றாள் அவன் மனைவி.

மஞ்சனுக்கு ரோஷம் வந்துவிட்டது. விருட்டென்று பறந்தான். வாய்க்கால் ஓரம் திரிந்த மின்மினி ஒன்றைக் கவ்வி வந்தான். கூட்டு வாசலில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் கால் புதைய ஒட்டிவைத்தான்.

"ஐயையோ, விடுங்கண்ணே! என் வெளிச்சம் வீட்டுக்கு ஆகாது. அது எங்க ஆளுங்களைக் கூப்பிடுற சைகை!" என்று கெஞ்சியது மின்மினி.

"விளக்குக்கு எதுக்கு வாய்? பேசாம எரி!"

பாவம், உயிர்ப் பயத்தில் மின்மினி விட்டு விட்டு மின்னியது. அவ்வளவுதான்! அதன் சொந்தபந்தமெல்லாம் திரண்டு வந்துவிட்டது. ஈச்சமரம் கல்யாணப் பந்தல்போல் ஜொலித்தது. குஞ்சுகள் கண்ணை மூடவே இல்லை. மஞ்சன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான், மடையன்!

எதிர்மரத்து ஆந்தை எட்டிப் பார்த்தது. "அட, கூடு இங்கேயா இருக்கு! இன்னிக்கு நமக்கு விருந்துதான்!" என்று சிறகை விரித்தது.

"ஐயோ, என் பிள்ளைங்க! விளக்கை அணைங்க!" என்று அலறினாள் மனைவி.

"இதை எப்படி அணைக்கிறது!" மஞ்சனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மண்ணைக் கொத்துங்கண்ணே! எல்லாரையும் நான் கூட்டிட்டுப் போறேன்!" என்றது மின்மினி.

மஞ்சன் மடமடவென்று கொத்தினான். மின்மினி மின்னிக்கொண்டே பறந்தது. கூட்டம் மொத்தமும் அதன் பின்னால் போனது. மரம் இருண்டது. கண் கூசிப்போன ஆந்தை கிளையில் ணங்கென்று முட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே திரும்பிப் போனது.

மறுநாள் அந்தியில் மஞ்சன் மின்மினியைத் தேடிப் போனான். "தப்பு பண்ணிட்டேன். நான் இவ்வளவு செஞ்சும் எங்களை ஏன் காப்பாத்தினே?"

"உங்க பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? அதோ, பட்டமரத்துல ஒளிர்காளான் அக்கா இருக்காங்க. அவங்க வெளிச்சம் மின்னாது, அடக்கமா இருக்கும். கேட்டுப் பாருங்க."

மஞ்சன் பணிவாகக் கேட்டான்.

"கேட்டு வாங்குறவனுக்குத் தாராளமா ஒரு துண்டு தரேன்! காயவிடாதே, ஈர மண்ணுல வை!" என்று சிரித்தது காளான்.

அன்று கூட்டுக்குள் இளம்பச்சை வெளிச்சம் பரவியது. குஞ்சுகள் சத்தமில்லாமல் தூங்கின.

யாருடைய திறமை எதற்கு உதவும் என்பதை அவரிடமே கேட்டறிந்து பெற வேண்டும். பிடித்துக் கட்டிவைத்தால் வெளிச்சமும் வினையாகிவிடும்.