மண்டபத்தில் ஓடு கழற்றிய நண்டு

காட்டுக் குளம் ஒன்றில் செவ்வரி என்ற பெண் நண்டு இருந்தது. அந்த ஆண்டு வந்த வெள்ளம் அதன் குஞ்சுகளை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. காப்பாற்றப் போனபோது அதன் இடது கொடுக்கும் முறிந்தது. அன்று முதல் அது வளைக்குள்ளேயே கிடந்து அழுதது.

குளக்கரையில் பாழடைந்த மண்டபம் ஒன்று நின்றது. அதன் கூரையில் பன்னிரண்டு ராசிகளையும் யாரோ செதுக்கி வைத்திருந்தார்கள். காளை, சிங்கம், தேள், மீன் என எல்லாம் இருந்தன. கடக ராசிக்கு ஒரு நண்டு. அதற்கு இரண்டு கொடுக்குகளும் இருந்தன!

ஒருநாள் செவ்வரி அதை அண்ணாந்து பார்த்தது. பார்க்கப் பார்க்க மனசுக்குள் ஏதோ அசைந்தது. ஈர மண்ணில் ஒற்றைக் கொடுக்கால் கீறத் தொடங்கியது. பழைய ஓடு ஒன்று. அதிலிருந்து எழுந்து வரும் புது நண்டு ஒன்று.

கெண்டைகளும் ஆமைகளும் கூடிப் பார்த்தன. மொண்ணையன் என்ற தவளை, செவ்வரியின் பக்கத்து வளைக்காரன், படத்தை வெகுநேரம் பார்த்தது.

“அக்கா, உனக்கும் ஓடு கழற்றும் காலம் வந்துவிட்டது. கழற்றினால் கொடுக்கு முளைக்கும். வளைக்குள் போய்க் கழற்று. நான் வாசலில் இருக்கிறேன்” என்றது.

அப்போது நெட்டைக்கால் நாரை மெல்ல நடந்து வந்தது.

“அடடா, என்ன படம்! நீ கடக ராசியில் பிறந்தவள் அம்மா! உன் மறுபிறப்பு இருட்டு வளைக்குள்ளா நடக்க வேண்டும்? மண்டபத்துக்கு வா. உன் ராசி உன்னைக் காக்கும். ஊரே பார்க்கட்டும்!”

“அக்கா, வேண்டாம்! ஓடு இல்லாத உடம்பு வெண்ணெய் மாதிரி!” என்று தவளை கத்தியது.

“இருட்டில் அழுதது போதும். நான் திரும்ப எழுவதை நாலு பேர் பார்க்கக் கூடாதா?” என்றது செவ்வரி.

அது குளத்து நீரை ஒட்டியிருந்த மண்டபத்தின் கல்தரைக்குப் போனது. ஆமைகள் கரையிலும் கெண்டைகள் நீரோரத்திலும் சூழ்ந்து நின்றன. ஓடு பிளந்தது. செவ்வரி நடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. இடப்பக்கம் பிஞ்சுக் கொடுக்கு ஒன்று!

“ஆகா!” என்றது நாரை. கழுத்து நீண்டது.

செவ்வரியால் நகர முடியவில்லை. கூட்டம் சிதறி ஓடியது. மொண்ணையன் மட்டும் பாய்ந்து வந்து செவ்வரியைத் தண்ணீருக்குள் தள்ளியது. நாரையின் அலகு மூடியபோது அதற்குள் இருந்தது தவளைதான்.

செவ்வரி வளைக்குள் கிடந்தது. ஓடு இறுகியது. கொடுக்கு வளர்ந்தது. வாசலில்தான் யாருமில்லை.

வெகுகாலம் கழித்து அது வெளியே வந்தது.

“புதுக் கொடுக்கு வந்துவிட்டதே! ஒரு படம் போடேன்!” என்றது கெண்டை.

செவ்வரி மண்ணில் ஒரு வட்டம் போட்டது. அதற்குள் கருஞ்சேற்றை அப்பியது.

“இது எந்த ராசி?”

“ராசி இல்லை. நான் ஓடு கழற்றியிருக்க வேண்டிய இடம்” என்று சொல்லிவிட்டுச் செவ்வரி உள்ளே போய்விட்டது.

உடைந்த மனம் புதிதாகத் துளிர்க்கும் நேரத்தில், நம்மைப் புகழ்கிறவரை விட்டுவிட்டு, நமக்குக் காவல் இருக்கிறவரின் பேச்சையே கேட்க வேண்டும்.