எல்லாரும் தொடங்கி வைத்த வடிகால்

காட்டுக்கு நடுவில் அல்லிக்குளம் என்று ஒரு குளம் இருந்தது. பெயர்தான் குளம், உண்மையில் அது ஒரு பட்டணம். அங்கே இரைக்குப் பஞ்சமில்லை என்று கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ வந்து குடியேறிவிட்டார்கள். ஒரே மரத்தில் மேல்கிளையில் குரங்கு, நடுக்கிளையில் கொக்கு, பொந்தில் அணில், வேரடியில் கீரி. காலையில் தண்ணீர்த் துறைக்குப் போனால் கால் வைக்க இடமிருக்காது. "பக்கத்துக் கிளையில யாருங்க?" என்று கேட்டால், "யாரோ இருக்காங்க!" என்று பதில் வரும்.

அந்தக் குளத்தின் நாணல் ஓரத்தில் பவுனு என்ற நீர்க்கோழி கூடு கட்டி முட்டையிட்டிருந்தாள். இன்றோ நாளையோ குஞ்சு வெளியே வந்துவிடும். ஒருநாள் விடிந்ததும் பார்த்தால் கூட்டின் அடி ஈரமாக இருக்கிறது! ஒரு சாண் கீழே இருந்த தண்ணீர் மேலே ஏறிக் கூட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

"ஐயையோ! ரெண்டு மழைக்கே இப்படியா? மிச்சத் தண்ணி ஏன் வெளியே போகலை?" என்று பதறி ஓடினாள் பவுனு.

கீழ்க்கரையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வடிகால் உண்டு. மிஞ்சின தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கே போய்ப் பார்த்தாள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. பலாத்தோல், பழைய கூட்டுச் சுள்ளி, ஆகாயத்தாமரை எல்லாம் மலையாகக் குவிந்து கிடந்தன. போதாக்குறைக்கு நடுவில் ஒரு பெரிய மரக்கட்டை! பவுனு ஒரு பலாத்தோலை அலகால் பிடித்து மூச்சைக் கட்டி இழுத்தாள். அது அசைவேனா என்றது.

நேரே குரங்கு சிங்காரத்திடம் போனாள். பலாத்தோலை எறிகிற மகராசன் அவன்தான். அவன் கழுத்தில் ஒரு வாடின அல்லிமாலை தொங்கிக்கொண்டிருந்தது.

"சிங்காரம் அண்ணே! வடிகால் அடைச்சுக்கிச்சு. அந்தத் தோலையெல்லாம் கொஞ்சம் எடுத்துப் போடுங்களேன், புண்ணியமாப் போகும்!"

"யாரைப் பார்த்து என்ன சொல்றே?" என்று சீறினான் சிங்காரம். "நான் தோல் அகற்றும் குழுத் தலைவர்! வடிகால் நாறுதுன்னு நரியாரிடம் புகார் சொன்னேன். அவர்தான் மாலை போட்டு இந்தப் பதவியைக் கொடுத்தார்!"

"அப்புறம் ஏன் தோல் அங்கேயே கிடக்கு?"

"தலைவர் போய்த் தோல் அள்ளுவாரா? நல்லாக் கேட்டே போ!"

எருமை கரியனிடம் போனாள். அவன் களை அகற்றும் குழுத் தலைவர். கொக்கு மாசிலாமணியிடம் போனாள். அவர் சுள்ளி அகற்றும் குழுத் தலைவர். இரண்டு பேர் கழுத்திலும் மாலை. இரண்டு பேரும் வாய் வலிக்கப் புகார் சொன்னவர்கள்தான். மாலை விழுந்ததும் வாய் மூடிக்கொண்டது.

குளத்தை மேற்பார்வை பார்ப்பவர் நரியார். மேட்டுப் பாறையில் அவர் வீடு. பவுனு போனபோது அவர் வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"வாம்மா பவுனு! நீ சொல்லவே வேண்டாம், எல்லாம் எனக்குத் தெரியும். உன்னை மாதிரி அக்கறை உள்ள ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். இன்னியிலிருந்து முட்டைப் பாதுகாப்புக் குழுவுக்கு நீதான் தலைவி!" என்று ஒரு மாலையை நீட்டினார்.

"மாலை வேண்டாம் ஐயா! தண்ணி வடியணும்!"

"வடியும், வடியும்! அதுக்குத்தானே இத்தனை குழு போட்டிருக்கு?"

பவுனு கீழே பார்த்தாள். குளத்திலிருந்து வழிந்த தண்ணீர் பாறையடியில், நரியாரின் வாசல் பள்ளத்தில் தேங்கி நின்றது. அதில் வழி தவறி வந்த கெண்டை மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. படி இறங்கினால் சாப்பாடு! ஓகோ, சங்கதி இதுதானா என்று பவுனுவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவரோடு மல்லுக்கு நிற்க அவளுக்கு நேரமில்லை. முட்டை நனைந்துகொண்டிருக்கிறதே!

கூட்டுக்கு ஓடி வந்தாள். அங்கே அவள் புருஷன் செவந்தான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அவன் கழுத்திலும் மாலை!

"இந்தா, பவுனு! நான் இப்போ மேற்பார்வைக் குழு இணைச் செயலாளர்! காலையில இரை தேடப் போன வழியிலேயே நரியார் கூப்பிட்டுக் கொடுத்தார்!"

பவுனுவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இணைச் செயலாளர் அவர்களே! உங்க பிள்ளைங்க முட்டையோட மிதக்கப் போகுது. முதல்ல நாணலை எடுத்துக் கொடுங்க!" என்று கத்தினாள். செவந்தான் நல்லவன்தான், கொஞ்சம் வெகுளி. ஓடி ஓடி நாணல் கொண்டுவந்து போட்டான். இருவரும் கூட்டை உயர்த்தினார்கள். அவர்கள் உயர்த்த உயர்த்தத் தண்ணீரும் உயர்ந்தது.

"என்ன பதவி வந்து என்ன பிரயோசனம்?" என்று நடுவில் பெருமூச்சு விட்டான் செவந்தான். "எதையாவது தொடங்கி வைக்க ஒருத்தரும் கூப்பிடலையே! கரியன், சிங்காரம் எல்லாருக்கும் இதே குறைதான். தலைவர்னா ஒரு வேலையைத் தொடங்கி வைக்கணும், எல்லாரும் கைதட்டணும். அதுதானே அழகு!"

பவுனு வாயிலிருந்த நாணலைக் கீழே போட்டாள். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!"

அவன் இன்னொரு தடவை சொல்வதற்குள் அவள் பறந்துவிட்டாள். கிளை கிளையாக, புதர் புதராகப் போய்க் கூவினாள். "இன்னிக்கு வெயில் தாழ வடிகால்ல தொடக்க விழா! தலைவருங்க எல்லாரும் மாலையோட வரணும்! கைதட்ட மத்தவங்களும் வரணும்!"

நரியார் காதுக்கும் செய்தி எட்டியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தனை தலைவருங்க, ஒரே வேலை! யார் முதல்லேன்னு அடிச்சுக்கிட்டுக் கலைஞ்சு போவாங்க. போய் வேடிக்கை பார்ப்போம்!" என்று தானும் ஒரு மாலையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் நினைத்தபடியே நடந்தது. "நான்தான் முதல்ல புகார் சொன்னவன்! நான்தான் தொடங்கி வைப்பேன்!" என்றான் சிங்காரம். "உருவத்தைப் பாரு! என்னை விட்டுட்டா?" என்று முட்ட வந்தான் கரியன். மாசிலாமணி கொக்கு ஒற்றைக்காலில் நின்று இருவரையும் ஏசினார். நரியார் வாலை ஆட்டி ரசித்தார்.

பவுனு பாறை மேல் ஏறினாள். "ஏன் சண்டை? குழு வேற வேறதானே? அப்போ தொடக்கமும் வேற வேறதான்! தோல் வேலையை அவர் தொடங்கி வைக்கட்டும். களை வேலையை இவர் தொடங்கி வைக்கட்டும். யார் பெரிசா எடுக்கிறாங்களோ அவங்களுக்குப் பெரிசாக் கைதட்டுவோம்!"

"அட, சரியான பேச்சு!" என்றது கூட்டம்.

சிங்காரம் ஒரு பலாத்தோலைத் தூக்கிக் கரையில் போட்டான். கைதட்டல்! கரியன் கொம்பை விட்டு ஒரு பாய் அகலத்துக்கு ஆகாயத்தாமரையை வாரி எறிந்தான். காது கிழியும் கைதட்டல்! சிங்காரத்துக்குப் பொறுக்குமா? "எங்க குழுச் செயலாளர் வரலை. அவருக்குப் பதிலா நானே தொடங்கி வைக்கிறேன்!" என்று இரண்டு கையாலும் அள்ளினான். "துணைத் தலைவருக்குப் பதிலா!" என்று கரியன் மறுபடி முட்டினான். மாசிலாமணி சுள்ளி சுள்ளியாக உருவினார். செவந்தான் ஒரு சின்னக் குச்சியை எடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து வணக்கம் வைத்தான். அதற்கும் கைதட்டினார்கள்.

தொடங்கித் தொடங்கியே குப்பை முடிந்துபோனது. கட்டை மட்டும் மிச்சம்.

"பெரிய வேலையைப் பெரிய தலைவர்தான் தொடங்கி வைக்கணும்! நரியார் வாழ்க!" என்று கூவினாள் பவுனு.

"நரியார்! நரியார்!" என்று கரையே அதிர்ந்தது. நரியார் முகம் செத்துப்போயிற்று. "எனக்கு இடுப்பு..." என்று இழுத்துப் பார்த்தார். யார் கேட்கிறார்கள்? ஊரே பார்க்கும்போது பின்வாங்க முடியுமா? கட்டையின் ஒரு முனையைப் பல்லால் கவ்வினார். "ஐயா சிரமப்படுறாரே!" என்று கரியன் நிஜமான பக்தியோடு மறுமுனையை ஒரே முட்டு முட்டினான். கட்டை புரண்டது. தண்ணீர் 'ஹோ'வென்று பாய்ந்து வெளியேறியது.

நரியார் சேறும் மாலையுமாக வீட்டுக்குப் போனார். வாசல் பள்ளத்துத் தண்ணீர் குளத்துக்கே இறங்கிவிட்டிருந்தது. கெண்டைகளும் அதோடு போய்விட்டன.

பவுனு கூட்டுக்கு ஓடினாள். தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு முட்டையில் விரிசல்! உள்ளேயிருந்து "கீச்" என்று ஒரு சத்தம். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

பின்னாலேயே தலைவர்கள் வந்து நின்றார்கள். "பவுனு, உனக்கு என்ன பதவி வேணும்? கேளு, கொடுத்துடுவோம்!"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணே. மாசம் பொறந்தா இதே இடத்துல ஒரு தொடக்க விழா வைப்போம். எல்லாரும் வந்துடுங்க!"

"கட்டாயம்! இந்தத் தடவை கரியனுக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி. அடுத்த தடவை பாரு!" என்றான் சிங்காரம்.

பதவி வாங்கியவர் கையில் வேலையையும் சேர்த்துக் கொடுக்கிற ஊர்தான் மூழ்காமல் பிழைக்கும்.