சாய்ந்து ஒரு போட்டோ

எங்க ஊர்ச் சாக்கடைத் தொட்டியைக் காலி பண்ணிப் பழுது பார்த்தார்கள். உள்சுவர் அரிக்காமலிருக்க, காய்ந்தால் கையில் ஒட்டாத மருந்துப் பூச்சு பூசணும். கான்ட்ராக்டர் தணிகாசலமோ சுண்ணாம்பை அடித்து ஒப்பேத்திவிட்டார்.

பார்வையிட வந்த சேர்மன் அம்மாவிடம் சித்தாள் பொற்கொடி மெல்லச் சொன்னாள். "இது வெறும் சுண்ணாம்புங்கம்மா. சுவர் அரிச்சு விழுந்தா, மோட்டார் பார்க்க இறங்குற என் வீட்டுக்காரர் தலையிலதான் விழும்."

"சுரண்டாம, தொடாம நிரூபி பார்ப்போம். முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார் தணிகாசலம்.

"நான் எதுக்குங்கய்யா தொடணும்? நீங்களே இறங்கி, அந்தச் சுவர்ல நல்லா முதுகைச் சாய்ச்சு நில்லுங்க. திறப்பு விழாவுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

தணிகாசலம் தன் கறுப்புச் சட்டையைத் தடவிக்கொண்டார். "சட்டை புதுசும்மா."

சேர்மன் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "புதுச்சட்டையை ஆணியில மாட்டிட்டு, மொத்தத்தையும் சுரண்டிட்டு மருந்து பூசுங்க. பொற்கொடி சரின்னு சொன்னப்புறம்தான் தண்ணி திறப்போம்."